பிள்ளையை யார் அறிவார்?

(தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் பயிற்சி ஆசிரியர்களும் கூடிய ஈப்போ அவையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



பள்ளித் தலைமைத்துவமும் பண்புக் கல்வியும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். என் பணிக்காலம் முழுவதும் பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் கழிந்தது. அதில் பெரும்பகுதி தோட்டப் பள்ளிகளில். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வீடு எங்கே, அம்மா என்ன வேலை செய்கிறார், அப்பா வீட்டுக்கு வருகிறாரா, இன்று காலையில் அவன் சாப்பிட்டானா? இவ்வளவும் தெரிந்தவர் பள்ளியில் யார்? பண்புக் கல்வி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. அந்தப் பயிர்தான் அடுத்த சில பத்தாண்டுகளில் நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிப் பேராக்கின் காடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் தாங்களாக நினைக்கவில்லை. சட்டம் நினைக்க வைத்தது. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும். எப்படிப்பட்ட பள்ளி என்பதில் சட்டம் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. எனவே லயத்து ஓரத்தில் ஒரு கொட்டகை எழுந்தது. படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ, சில இடங்களில் பால் வெட்டிவிட்டு வந்த தொழிலாளியோ பாடம் நடத்தினார்கள். கூட்டல் கழித்தல், எழுத்து, ஆத்திசூடி என்பதோடு பல பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. அதன் பிறகு பால் மங்கும் வாளியும்.

அந்தப் பள்ளிகளின் வசதிக்குறைவு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அந்த வாத்தியார்களின் தலைமைத்துவம் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். வாத்தியார் வீடு பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமா, மருத்துவமனைக்கு மனு வேண்டுமா, அவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். மாலையில் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ அவர் உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மாரியம்மன் திருவிழா நாடகத்துக்கு அவர்தான் வசனம் எழுதுவார். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு அடுப்பும் எரிகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்கு மட்டுமா தெரியும்? விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விடுவாள். பெரிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பள்ளிக்கு விரட்டுவாள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஆற்றில் குளித்தவன் பெயர், பால் நிறுக்கும் நேரத்துக்குள் ஸ்டோருக்கு வந்து சேர்ந்துவிடும். ஒரு பிள்ளையைத் தோட்டமே அறிந்திருந்தது. அந்த அறிதல்தான் அன்றைய பண்புக் கல்வி. அதற்குப் பாடநூல் இல்லை.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல என் மனம் இடம் தரவில்லை. தோட்டம் பிள்ளையை அறிந்தது. அதே கையால் அவனை அச்சுறுத்தவும் செய்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்றை இளைய ஆசிரியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். கூலி உயர்வோடு சேர்த்து இதையும் கேட்டார்கள். ஒரு தகப்பன் சைக்கிளை விட்டு இறங்கிக் கைகட்டி நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பணிவு என்றால் என்னவென்று யார் விளக்கியிருக்க முடியும்? லயத்துக்குள் சாதி இருந்தது. கள்ளுக்கடை இருந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். மேலிருந்து யாரும் போதிக்காமல், அந்த மக்களே தங்கள் வாழ்வைத் திருத்திக்கொள்ள எழுந்தார்கள். பண்பு என்று நான் சொல்வது அந்த எழுச்சியை. கைகட்டி நிற்பதை நான் பண்பு என்று சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் காந்தியடிகளின் ஓர் அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1910-இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே, காலன்பாக் என்ற நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகள் பலர். காந்தி ஆசிரியரானார். கப்பல் பயணத்தில் போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு கற்ற அரைகுறைத் தமிழில், தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். எழுத்தறிவை விடப் பண்பே அடித்தளம் என்று அவர் நினைத்தார். அதைப் புத்தகத்தால் கொடுக்க முடியாது என்றும், ஆசிரியர் பிள்ளைகளோடு ஒன்றாக வாழ்ந்துதான் கொடுக்க வேண்டும் என்றும் கண்டார். அந்தப் பண்ணையில் பிள்ளைகள் செய்த வேலையை ஆசிரியரும் செய்தார்.

அங்கே கட்டுக்கடங்காத இளைஞன் ஒருவன் இருந்தான். சுமார் பதினேழு வயது. எவ்வளவு சொல்லியும் கேட்காததால் ஒருநாள் காந்தி பக்கத்தில் கிடந்த ரூலர்க் கட்டையால் அவன் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே அவர் உடல் நடுங்கியது. அவன் அழுது மன்னிப்புக் கேட்டான். ஊர் வழக்கப்படி பார்த்தால் அடி பலித்துவிட்டது. காந்தி அப்படிக் கணக்கு எடுக்கவில்லை. அந்தப் பையன் அழுதது வலியால் இல்லை, தன் வேதனையைக் கண்டுதான் என்று அவருக்குத் தோன்றியது. தன்னுள் இருந்த மிருகத்தைத்தான் அன்று வெளியே காட்டினோம் என்று வருந்தினார். அதன்பின் அவர் எந்த மாணவனையும் அடிக்கவில்லை. தன்னை முழுதாக அறிந்து, தனக்காக நடுங்கும் ஒரு மனிதர் எதிரே இருக்கிறார் என்று அந்த இளைஞன் கண்டுகொண்டான். அவனை மாற்றியது அதுதான்.

நம் பேராக்கிலேயே காந்தியடிகள் பெயரில் பள்ளி இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை 1954-இல் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்தார். அதே வட்டாரத்து எல்பில் தோட்டத்தில் 1948 ஜூன் 16-ஆம் நாள் விழுந்த துப்பாக்கிச் சூட்டைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. அந்த ரத்தமும் பயமும் அடங்காத ஆண்டுகளில், அந்த ஊர் ஒரு பள்ளிக்கு அகிம்சையின் பெயரைத் தேர்ந்தெடுத்தது. அதைச் செய்தவர்களை நான் மனதார வணங்குகிறேன்.

பிறகு தோட்டம் உடைந்தது. 1950-களில் ஆங்கிலேய உரிமையாளர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் பறிபோயின. தொழிலாளர்களே மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்கட்டும் என்று சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பல தோட்டங்களைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின்னால் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் ஈப்போவைச் சுற்றிப் புந்தோங், குனோங் ராப்பாட், செம்மோர் என்று சிதறினார்கள்.

நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. அவற்றில் பேராக்கில் மட்டும் 130-க்கு மேல் இருக்கின்றன. எந்த மாநிலத்தையும் விட இங்கேதான் அதிகம். எல்பில், கிந்தா கெல்லஸ், சங்காட் கிண்டிங் என்று தோட்டங்களின் பெயர்களைப் பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. பெயரில் தோட்டம் உள்ள பள்ளிகளில் பலவற்றைச் சுற்றி லயமும் இல்லை, பெரட்டும் இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள், வேனில் போகிறார்கள். அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. பிள்ளையைச் சுற்றி இருந்த கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அந்த வெற்றிடத்தை யார் நிரப்பினார்கள் என்று நமக்குத் தெரியும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டது. நம் இளைஞர்கள் அவற்றில் எந்த அளவுக்குச் சேர்ந்திருந்தார்கள் என்பதைப் பார்த்து நாடே அதிர்ந்தது. பள்ளிகளில் ஒழுக்கம் போதவில்லை, பிரம்பு போதவில்லை என்று பலர் பேசினார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். கும்பல் ஒரு பையனை எப்படிப் பிடிக்கிறது? அவன் பெயரைக் கேட்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்கிறது. அப்பா வீட்டில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்கிறது. அவனை யாராவது அடித்தால் வந்து நிற்கிறது. பிறகு அச்சத்தால் கட்டிப்போடுகிறது. பழைய தோட்டம் செய்த இரண்டு வேலையையும், அறிவதையும் அச்சுறுத்துவதையும், இன்று கும்பல் செய்கிறது. அதனிடமிருந்து பிள்ளையை மீட்க வேண்டுமானால் அதற்கு முன்பே நாம் அவனை அறிந்திருக்க வேண்டும். அச்சமே இல்லாமல் அறிந்திருக்க வேண்டும்.

அமைச்சு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1983-இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தோடு நன்னெறிக் கல்வி தனிப்பாடமாக வந்தது. பதினாறு நற்பண்புகள். 1988-இல் தேசியக் கல்வித் தத்துவம் உடல், உணர்வு, ஆன்மிகம், அறிவு நான்கும் சமநிலையில் வளர வேண்டும் என்றது. மிக நல்ல இலக்கு. ஆனால் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது என்ன ஆனது? எஸ்.பி.எம். நன்னெறித் தேர்வுக்கு முப்பத்தாறு நற்பண்புகளின் விளக்கங்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கிறது. இந்த அவையிலும் இருப்பீர்கள். ஒரு சொல் விட்டுப்போனால் மதிப்பெண் போகும். அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன், கேட்டதைக் கொடுத்தார்கள்.

மனப்பாடம் நடத்தையாக மாறாது என்பது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஏமாற்ற வாய்ப்புக் கொடுத்து, யார் ஏமாற்றுகிறார்கள் என்று பார்த்தார்கள். நேர்மையைப் பற்றி நன்றாகப் பேசத் தெரிந்தவன் நேர்மையாக நடப்பான் என்று சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றினான். ஆனால் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்தவர்கள் நாளாக நாளாக ஒருவரைப் போல ஒருவர் நடந்தார்கள். அதாவது, இடத்தின் காற்று பிள்ளைக்குள் போகிறது. ஒரு பள்ளியின் காற்றை யார் தீர்மானிக்கிறார்? அந்தப் பொறுப்பைத் தலைமையாசிரியர் வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

என்னோடு பணியாற்றிய ஓர் அம்மையார் பின்பு ஒரு சிறிய பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இலவசச் சிற்றுண்டி பெறும் ஏழைப் பிள்ளைகள் அங்கே தனி வரிசையில் நிற்பார்கள், தனி மேசையில் சாப்பிடுவார்கள். நிர்வாகத்துக்கு அது வசதி. கணக்கு வைக்க எளிது. காசு வைத்திருக்கும் பிள்ளைகள் எதிர் வரிசையில் நிற்பார்கள். யார் ஏழை என்பதை ஒன்பதரை மணிக்குப் பள்ளி முழுவதும் பார்க்கும். ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் சிலர் பசியோடு இருந்தாலும் அந்த வரிசைக்கு வரமாட்டார்கள். அவர் சபைகூடலில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையை ஒன்றாக்கினார். பெயர்ப்பட்டியலை ஆசிரியர் கையில் கொடுத்து, கணக்கைப் பின்னால் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பு வகுப்பாக உட்கார வைத்தார். தானும் தட்டை எடுத்துக்கொண்டு தினம் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தார்.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத் தெரியவந்ததெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. எந்தப் பிள்ளை வேனுக்காக இருட்டில் தனியாக நிற்கிறாள், யாருடைய அண்ணன் மாலையில் யாரோடு மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறான், யார் வீட்டில் மின்சாரம் வெட்டப்பட்டிருக்கிறது, எல்லாம் வந்தது. அதை வைத்து அவர் வீடுகளுக்குப் போனார். மதிப்பு, அன்பு, நீதியுடைமை என்று நன்னெறிப் பாடநூல் சொல்லும் பண்புகள் அந்தச் சிற்றுண்டிச்சாலையில் நடந்துகொண்டிருந்தன. தலைமைத்துவம் என்றால் என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் அந்த வரிசையைத்தான் சொல்வேன்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருகிறேன். நம் மாநிலத்துச் செம்மோரில் 1926-இல் பிறந்தவர் அமினுதீன் பாக்கி. நாட்டின் கல்வித் திட்டத்தை வடிவமைத்த அவர் 1965-இல் முப்பத்தொன்பது வயதிலேயே மறைந்தார். தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தேசியக் கழகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2013–2025 கல்விப் பெருந்திட்டம் பணிமூப்பு மட்டும் போதாது, தலைமைக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றது. வரவேற்க வேண்டிய மாற்றம். பல திறமையான இளையவர்கள் அதனால் மேலே வந்திருக்கிறார்கள். ஆனால் பதவிக்கு வந்த தலைமையாசிரியரின் நாள் எப்படிப் போகிறது? இணையப் பதிவுகள், அறிக்கைகள், கூட்டங்கள், மாவட்டக் கல்வி இலாகாவின் அழைப்புகள். யூ.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் 7 ஏ எத்தனை என்ற ஒரே கேள்வி பள்ளியை ஆண்டது. 2021-இல் அந்தத் தேர்வு போனது. அதில் மிச்சமான நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுத்தோமா, கோப்புகளுக்குக் கொடுத்தோமா என்று ஒவ்வொருவரும் தம் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, மாற்றல். ஒரு பள்ளியின் குடும்பங்களை அறியவே இரண்டு ஆண்டு பிடிக்கும். அறிந்து முடிக்கும்போது மாற்றல் கடிதம் வருகிறது. ஒரே இடத்தில் நிலைத்து நின்றவர்களையும் பாருங்கள். இதே ஈப்போவில் 1909-இல் பிறந்த சுவாமி சத்தியானந்தா, 1949-இல் பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தைத் தொடங்கி ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தார். 1961-இல் அவர் மறைந்தபின் அந்தப் பொறுப்பை ஏற்ற மங்களம் அம்மையார் 2023-இல் தம் தொண்ணூற்றேழாவது வயதில் மறையும்வரை அந்த இல்லத்தின் தாயாகவே வாழ்ந்தார். ஓர் அரசாங்க ஊழியரிடம் அதைக் கேட்க முடியாது. ஆனால் நல்ல தலைமையாசிரியர் ஒருவரை, அதுவும் சிறிய பள்ளியில், ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு முடிக்கும் வரையாவது விட்டுவையுங்கள் என்று இங்கே வந்திருக்கும் அதிகாரிகளை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரம்பைப் பற்றிக் கேட்பீர்கள். நம் நாட்டின் 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளே பெண்பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்றும், ஆண்பிள்ளைகளை யார், எப்படி அடிக்கலாம் என்றும் வரையறுத்திருக்கின்றன. சட்டம் அனுமதிக்கும் அளவைக் கூட நான் விரும்பவில்லை. பயத்தில் அடங்கிய பிள்ளை, நம்மைவிடப் பெரிய பயம் காட்டுகிறவனிடம் நாளைக்கு அடங்குவான். அவன் எங்கே நிற்பான் என்று நமக்குத் தெரியும்.

2027-இல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கவிருக்கிறது. பண்பு வளர்ச்சிக்கு அதில் பெரிய இடம் தருவதாகச் சொல்கிறார்கள். நூல்களும் வழிகாட்டிகளும் வரட்டும். அதற்குக் காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடிய ஒன்றை ஹார்வர்ட் கல்விப் புலத்தைச் சேர்ந்த ஒரு திட்டம் பரவலாக்கியிருக்கிறது. ஆசிரியர் அறைச் சுவரில் பள்ளியின் எல்லா மாணவர் பெயர்களையும் ஒட்டுங்கள். தான் நன்றாக அறிந்த பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு புள்ளி வைக்கட்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளின் பெயரில் புள்ளிகள் குவியும். சேட்டைக்காரர்கள் சிலருக்கும் கிடைக்கும். ஒரு புள்ளி கூட இல்லாத பெயர்கள் தென்படும். அமைதியாக வந்து அமைதியாகப் போகும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெயர்களை ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மில் பலருடைய பள்ளிகளில் நூற்றைம்பது பிள்ளைகள் கூட இல்லை. அதைக் குறையாகவே கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். இந்த வேலைக்கு அதுவே நமக்கு வாய்ப்பு: பெரிய பள்ளிக்கு ஒரு தவணை ஆகும், நமக்கு ஒரு பிற்பகல் போதும். பயிற்சி ஆசிரியர்கள் நடைமுறைப் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு இதைத் தொடங்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் வீடு தேடிப் போகும்போது ஆசிரியரோடு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். புந்தோங் சந்துகளும் செம்மோர்ப் பக்கத்து வீடமைப்புகளும் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி நேரத்துக்கு அரைமணி ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கேள்வி பயிற்சி ஆசிரியர்களிடமிருந்து வரட்டும்.